தூதரோட இடது கை

திருடலைங்க. நாங்க யாரும் திருடலைங்க தூதரகச் செயலாளர் சார், வெட்டலைங்க, ஒளிச்சு வைக்கலைங்க, உங்க தூதரோட இடது கையை எங்கம்மாகிட்ட அவராத்தான் விட்டுட்டுப் போனாரு, ஆயிரம் ஆளும் அதுக்கு மேல மாடும் பாத்துக்கிட்டு நிக்கையில, பகல் பதினோரு மணிக்கு, செவ்வாச்சந்தை நடு மைதானத்துல. சந்தை வாசல்ல நோட்டீஸ் ஒட்டியிருக்கீங்களே, பால்பவுடர் குடுத்த கையைப் பிடிச்சு வெச்சுக்கிட்ட நன்றிகெட்ட ஊருன்னு, ஏழு நாளைக்குள்ள கை தூதரகம் வந்து சேரலைன்னா நடவடிக்கைன்னு, அந்த ஊருல ஒரு காலேஜ் பொண்ணு எதிரி நாட்டுக்காரன் எழுதிக் குடுத்ததைப் பேசிக்கிட்டுத் திரியறான்னு, அந்தக் காலேஜ் பொண்ணு நாந்தாங்க. பேரு கோகிலவாணி, ரெண்டாம் வருசம் வரலாறு படிக்கறேன், எனக்கு எவனும் எழுதிக் குடுக்க வேண்டியதில்ல, எனக்கே எழுத வரும். பால்பவுடரு நல்லாத்தாங்க இருந்துச்சு, நானும் குடிச்சுத்தான் வளந்தேன், அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

நீங்க தலைநகரத்துல உக்காந்திருக்கறவரு, எங்க ஊரு உங்களுக்குத் தெரியாது, அதனால மொதல்ல இருந்தே சொல்றேன். ஊரு பேரு வெள்ளாங்கரடு. பின்னால வெள்ளையா ஒரு கரடு, பாறைக்குன்னு, முன்னால மாட்டுச்சந்தை, நடுவுல நாங்க, அவ்வளவுதான் ஊரு. எங்கம்மா பாவாத்தா அந்தச் சந்தையில மாட்டுக்கயிறு விக்கறவ, எங்கப்பா செத்ததுல இருந்து அவ திரிச்ச கயித்துலதான் எங்க வீடு நிக்குது. எங்கண்ணன் திருமூர்த்தி போன வருசம் மாசி மாசம், தேர்தலு மூணாவது தரம் தள்ளிப்போனப்ப, சந்தைத் தண்ணித்தொட்டி மேல ஏறி நின்னு, ஏலத்துக்கு வெச்சிருந்த மைக்கை வாங்கி, "தேர்தல் எப்பங்க?"ன்னு கேட்டான். ரெண்டே வார்த்தை. அன்னைக்கு சாயங்காலம் புடிச்சுக்கிட்டுப் போனாங்க, விசாரணை இல்ல, வக்கீல் இல்ல, இன்னைக்குப் பதினாலு மாசம் ஆச்சு, வார்த்தைக்கு ஏழு மாசம்.

அவன் உள்ள போய் ஆறு மாசம் கழிச்சு, ஆவணியில, சந்தை மைதானத்துல உங்க நாடு கட்டிக் குடுத்த மாட்டாஸ்பத்திரியைத் திறக்க உங்க தூதரு வந்தாரு. நல்ல ஆஸ்பத்திரிங்க, குத்தம் சொல்ல மாட்டேன். ரிப்பன் வெட்டற கத்திரிக்கோலு வலது கையில இருக்க, வரிசையா நின்ன சனத்துக்கு வணக்கம் சொல்லிக்கிட்டே வந்தவரு எங்கம்மாகிட்ட வந்து நின்னாரு, ஏன்னா அவ மட்டும் வணக்கம் சொல்லல, மகன் படத்தை நீட்டிக்கிட்டு நின்னா. மொழிபெயர்க்கற பையன் விசயத்தைச் சொன்னான். அவரு படத்தைப் பாத்தாரு, அவளைப் பாத்தாரு, இடது கையால அவளோட வலது கையைப் புடிச்சாரு, அவரு கண்ணுல தண்ணி நின்னுச்சு. நான் ஒன்றரை அடி தூரத்துல நின்னு பாத்தேங்க, அது கேமராவுக்கு வந்த தண்ணி இல்ல, கேமரா அப்ப காளை மாட்டைப் படம் எடுத்துக்கிட்டு இருந்துச்சு. அவரு சொன்னது இதுதான்:

"உங்க மகன் வீட்டுக்கு வர்ற வரைக்கும் எங்க நாடு இந்தக் கையைப் பிடிச்சிருக்கும்."

அப்புறம் நேரமாச்சு. கார் கதவைத் திறந்தாச்சு, போலீஸ்காரன் விசில் ஊதியாச்சு, அவரு கிளம்பறாரு, கை கிளம்பல. ரெண்டு தரம் இழுத்துப் பாத்தாரு, மரியாதையாத்தான் இழுத்தாரு, மூணாவது தரம் அவரு மட்டும் போயிட்டாரு. சத்தமில்ல, ரத்தமில்ல, பழுத்த பழம் காம்பை விட்டு வர்ற மாதிரி வந்துருச்சு, மணிக்கட்டுக்கு மேல நாலு விரக்கடை, வெள்ளைச் சட்டையோட கைமடிப்பு, அதுல ஒரு பொத்தான், தோல்வாரு கடிகாரம் ஒண்ணு, எல்லாம் எங்கம்மா கையில. அவரு காருக்குள்ள உக்காந்து சன்னல் வழியா வலது கையை ஆட்டிக்கிட்டே போனாரு, நாங்களும் ஆட்டுனோம், எங்கம்மா மட்டும் ஆட்டல, அவ கை காலியா இல்ல.

யாரும் கத்தலைங்க. மாடு மெரளல. பக்கத்துக் கடை வெத்தலைக்காரி கண்ணாத்தாதான் மொதல்ல பேசுனா, சோத்துக்கையைப் புடிச்சுப்போட்டுப் போயிட்டாரே மகராசன், இனி நீ எப்படிச் சாப்பிடுவன்னு. அதுதான் ஊருக்கு வந்த மொத கவலை. ரெண்டாவது கவலை, ஒரு பொம்பளைக்கு வாக்குக் குடுக்கறவரு இடது கையிலயா குடுப்பாருன்னு, அதுக்கு மாட்டுக்காரங்க கூடிப் பேசி, அவிய ஊரு வழக்கம் நமக்குத் தெரியாது, வலது கையில கத்திரிக்கோலு இருந்துச்சு, மனசுல கள்ளமில்லன்னு தீர்ப்புச் சொன்னாங்க. ஏட்டு வந்து பாத்தாரு, காணாமப்போன பொருள்னு எழுதறதா, கண்டெடுத்த பொருள்னு எழுதறதான்னு ரொம்ப நேரம் பேனாவைக் கடிச்சுக்கிட்டு நின்னுட்டு, கடைசியில 'விருந்தாளி – ஒன்று'ன்னு எழுதிக்கிட்டுப் போனாரு. டவுன் பஸ் கண்டக்டரு அரை டிக்கெட்டு போடறதா வேண்டாமான்னு ஒரு வாரம் ஓசனை பண்ணி, சீட்டுல உக்காராத ஆளுக்கு டிக்கெட்டு இல்லன்னு முடிவு பண்ணுனாரு. கோயில்ல பூசாரி தோல்வாரு கடிகாரத்தை மட்டும் கழட்டிட்டு வாங்கன்னாரு, கழட்டிப் பாத்தா அது எங்க நாட்டு நேரமே காட்டல, எங்களுக்குச் சந்தை கூடற நேரத்துல அதுல நடுராத்திரி, அதை எங்க வீட்டு ஆணியில மாட்டி வெச்சிருக்கோம், பத்திரமா இருக்குது, வேணும்னா எழுதி வெச்சுக்கங்க.

புருசன் இல்லாத பொம்பளை வேத்து ஆம்பளை கையைப் புடிச்சுக்கிட்டுத் திரியறாளேன்னு ஊர் வாய் ஒரு வாரம் மென்னுச்சு, அப்புறம் சலிச்சுப்போய்த் துப்பிருச்சு. ஆனா எங்கம்மாவுக்கே கூச்சமா இருந்துச்சு, அதனால அந்தக் கையை எப்பவும் முந்தானையால மூடியே வெச்சிருந்தா. இதை நெனப்புல வெச்சுக்கங்க சார், இந்த முந்தானையாலதான் எல்லாம் வெளிய வந்துச்சு.

எட்டு மாசம் நாந்தான் அவளுக்குச் சோறு ஊட்டுனேன். நாந்தான் தலை சீவி விட்டேன். காலேஜுக்குப் போற பஸ்ஸை விட்டுட்டு நிப்பேன், இன்னொரு வாய், இன்னொரு வாய்னு, அவ சின்னப்புள்ளை மாதிரி வாயைத் திறப்பா, அந்தக் கையும் அவ கையும் அவ மடியில கெடக்கும். வெயில் காலத்துல அதுக்கு வேர்க்குமுங்க, குளுரு நாட்டுக் கையில்ல, ஈரத்துணி போட்டுத் துடைச்சு விடுவா. கயிறு திரிக்க ரெண்டு கை வேணும். மொத மாசம் ஒத்தைக் கையில கால் கட்டைவிரலைச் சேத்துக்கிட்டுத் தடுமாறுனா, ரெண்டாம் மாசம் உங்க தூதரோட பெருவிரலு மெதுவாத் தூக்கிப் கயித்துப் புரியை அமுக்கிப் புடிச்சுக்கிச்சு, மூணாம் மாசம் நல்லாவே புடிச்சுச்சு, நாலாம் மாசம் அந்த விரலுக்குக் காய்ப்பு வந்துருச்சு. உங்க நாட்டுத் தூதருங்கள்ல காய்ப்புக் காய்ச்ச கை வேற யாருக்காச்சும் இருக்குதாங்க? எங்க ஊரு மாடு இன்னைக்கு அந்தக் கை திரிச்ச கயித்துலதான் கட்டிக் கெடக்குது.

நல்லதும் நடந்துச்சு. அதை மறைக்க மாட்டேன், நான் வாயாடிதான், பொய்க்காரி இல்ல. கை வந்த பத்தாம் நாளு, ஸ்டேஷன்ல எங்கம்மாவை நிக்க வெச்சே பேசுன இன்ஸ்பெக்டரு நாற்காலி போட்டாரு. அடுத்த மாசம் எங்கண்ணனை இருட்டு அறையில இருந்து சன்னல் வெச்ச அறைக்கு மாத்துனாங்க. பதினஞ்சு நாளைக்கு ஒரு கடுதாசி வந்துச்சு, சன்னல்ல ஒரு வேப்பங்கொப்பு தெரியுதும்மா, அதுல அணில் ரெண்டு இருக்குது, ஒண்ணு கோகிலா மாதிரியே சண்டை புடிக்குதுன்னு எழுதியிருந்தான். இதைக் கேள்விப்பட்டு, புள்ளைகளை உள்ள விட்டுட்டு நின்ன அம்மாக்காரிங்க பதினோரு ஊருல இருந்து வந்தாங்க, செவ்வாக்கிழமை ஆனா கயித்துக்கடை முன்னால வரிசையா உக்காந்து, முந்தானைக்குள்ள கையை விட்டு அந்தக் கையை ஒரு தரம் தொட்டுப்போட்டுப் போவாங்க, எங்கம்மாவும் வீட்டுக்கு ஒறம்பரை சனம் வந்த மாதிரி எல்லாருக்கும் மோர் குடுப்பா.

அப்ப நான் உங்களுக்காகச் சண்டை போட்டேங்க, அதுவாச்சும் உங்களுக்குத் தெரியுமா? எங்க வகுப்புல ஒருத்தன் சொன்னான், பெரிய நாடு எங்க போனாலும் சொந்த வேலையாத்தான் போகும், சுதந்திரம்கறது அவங்க பெட்டி மேல ஒட்டற சீட்டு, உள்ள என்ன இருக்குதுன்னு பிரிச்சுப் பாத்தவனுக்குத்தான் தெரியும்னு. நான் பெஞ்சு மேல ஏறிட்டேன். அடப்பாவி, வெறும் பொய்யா இருந்தா கை வந்திருக்குமாடா, எத்தனை மந்திரிங்க எங்கம்மா கையைக் குலுக்கியிருக்காங்க, எவனோடதாச்சும் ஒரு நகமாவது கழண்டு விழுந்துச்சான்னு கேட்டேன். இன்னைக்கும் நான் அதையேதான் சொல்றேன், அது பொய் இல்ல. பொய்யா இருந்திருந்தா எனக்கு இவ்வளவு கோவம் வந்திருக்காது.

இப்ப முந்தானைக்கு வர்றேன்.

எங்க சந்தையில மாட்டுக்கு வெலையை யாரும் வாயால சொல்ல மாட்டாங்க. விக்கறவன் கையும் வாங்கறவன் கையும் ஒரு துண்டுக்கு அடியில போகும், விரலைப் புடிச்சாத் தொகை, உள்ளங்கையைச் சொரண்டுனா கொறைச்சுக்கன்னு அர்த்தம், அஞ்சு விரலையும் சேத்துப் புடிச்சு ஒரு குலுக்கு குலுக்குனா யாவாரம் முடிஞ்சது. மேல பாத்தா ரெண்டு பேரும் மழையைப் பத்திப் பேசிக்கிட்டு நிப்பாங்க, அடியில ஒரு சோடி மாடு கைமாறியிருக்கும். துணியை மூடுனாத்தான் கை பேசும், அதுதான் எங்க ஊரு வழக்கம். எங்கம்மா சந்தையிலயே பொறந்து வளந்தவ, ஆனா கூச்சத்துல இதை யோசிக்கல, அஞ்சு மாசமா அந்தக் கையைத் துணி போட்டு மூடி, மடியில வெச்சுக்கிட்டு, சந்தைக்கு நடுவுல உக்காந்திருந்தா.

தை மாசம் ஒரு செவ்வாக்கிழமை தரகர் நாச்சிமுத்து கயிறு வாங்க வந்தாரு. எங்களுக்கு மாமன் மொறை, மாட்டுப் பல்லைப் பாத்தா வயசையும் அது போன வருசம் எந்தக் காட்டுல மேஞ்சதுங்கறதையும் சொல்லுவாரு, போலீஸ்காரன் நெழலைப் பாத்தா எதுத்த தெருவுக்குத் தாண்டிருவாரு, அப்படி ஒரு தைரியசாலி. அவரு கயித்தைப் பாக்கல, முந்தானையைப் பாத்தாரு, முந்தானை அசையுது. "அக்கா, உங்க மடியில யாவாரம் நடக்குது"ன்னாரு. எங்கம்மா, அது தூக்கத்துல நெளியும் தம்பி, கைப்புள்ள மாதிரின்னா. அவரு நம்பல, தோள்ல இருந்த துண்டை எடுத்து முந்தானை மேல போட்டு உள்ள கையை விட்டாரு. வெத்தலை மென்னுக்கிட்டு இருந்த வாய் நின்னுச்சு. நெத்தியில வேர்வை வந்துச்சு. ரொம்ப நேரம் கழிச்சுக் கையை எடுத்துத் துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டு, கயிறு வாங்காமயே போயிட்டாரு. அடுத்த செவ்வாயும் அப்படித்தான், அதுக்கடுத்த செவ்வாயும் அப்படித்தான்.

நான் விடுவனா, டீக்கடையில வெச்சுப் புடிச்சுக்கிட்டேன். என்ன சொல்லுச்சு மாமான்னு கேட்டா, துண்டுக்குள்ள பேசுனதை யாவாரம் முடியறதுக்கு முன்னால வெளிய சொன்னா அவன் தரகனே இல்ல அம்மிணின்னாரு. எங்கம்மா கை மேல நடக்கற யாவாரம் எங்களுக்குத் தெரியக்கூடாதான்னேன். இதுல உங்கம்மா விக்கறவளும் இல்ல, வாங்கறவளும் இல்லன்னாரு.

"அப்ப மாடு எங்க மாமா? மாடே இல்லாம என்னத்துக்கு வெல பேசுது?"

"அதைத்தான் நானும் தேடறேன் கண்ணு. இந்தக் கை நம்மகூடப் பேசல. எங்கியோ வேற ஒரு கைகூடப் பேசுது."

எருமைக்குப் பல்லு பாக்கத் தெரிஞ்ச மனுசனுக்குத் தன் வாயில பல்லு இருக்குதான்னு தெரியல பாருங்கன்னு நான் டீக்கடை முழுக்கக் கேக்கற மாதிரிச் சொன்னேன், எல்லாரும் சிரிச்சாங்க, அவரு டீயைப் பாதி வெச்சுட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு. அப்படிப் பேசியிருக்கக்கூடாதுன்னு இப்பத் தோணுது. அவரு பயந்து மறைக்கல, என்னைக் காப்பாத்தத்தான் மறைச்சாரு, தெரிஞ்சிருந்தா நானும் அன்னைக்கே தொட்டி மேல ஏறியிருப்பேன்.

பங்குனி ரெண்டாவது செவ்வாய், எங்கம்மாவுக்கு மோரு சோறு ஊட்டிக்கிட்டு இருக்கறேன், அந்தக் கை முந்தானைக்குள்ள ஒரே ஒரு தரம் பலமாக் குலுங்குச்சு. எங்கம்மா வாயில இருந்த சோத்தை முழுங்காம என்னைப் பாத்தா. "புடி உட்டுப்போச்சு கண்ணு"ன்னா.

நாச்சிமுத்து மாமன் மாட்டை அப்படியே விட்டுப்போட்டு ஓடி வந்தாரு, துண்டைப் போட்டுப் பாத்தாரு, கையை எடுத்தாரு. யாவாரம் முடிஞ்சது, இனிச் சொல்லலாம்னு எங்கம்மா காலடியில உக்காந்து, மூணு மாசமா அடக்கி வெச்சதை எல்லாம் சொன்னாரு. ஒரே ஆளோட ரெண்டு கைதானே அக்கா, அங்க தலைநகரத்துல வலது கை என்ன பேசுச்சோ அதையேதான் இங்க இடது கையும் பேசுச்சுன்னாரு. தொண்ணூத்தொம்பதுன்னு ஒரு கணக்கு வந்துச்சு, அதுக்கு எதுத்தாப்புல முப்பத்தாறுன்னு ஒரு கணக்கு வந்துச்சுன்னாரு. நான் அன்னைக்கே காலேஜ் நூலகத்துக்குப் போய் மூணு மாசத்துப் பேப்பரைப் பிரிச்சுப் போட்டேன், உங்க நாடு குடுத்த மேசைதாங்க அதுவும். மாமன் சொன்ன ஒவ்வொரு செவ்வாயும் உங்க தூதரு எங்க நாட்டுத் தலைவரு மாளிகையிலதான் இருந்திருக்காரு. மறுநா பேப்பருல எல்லாம் வந்துச்சு. எங்க வெள்ளாங்கரட்டு உச்சியில உங்க கண்காணிப்பு நிலையம், தொண்ணூத்தொம்பது வருசக் குத்தகை. எங்கண்ணனைப் புடிச்சு வெச்சிருக்கற எங்க தலைவருக்கு உங்க போர்விமானம், முப்பத்தாறு. ரெண்டு பேரும் சிரிச்சுக்கிட்டுக் கை குலுக்கற படம், உங்க தூதரோட இடது சட்டைக்கை மடிச்சுப் பின்னு குத்தியிருக்குது.

ஆனா மாமன் இன்னொண்ணும் சொன்னாரு. அது பேப்பருல இல்ல.

"மொத வாரத்துல இருந்தே ஒண்ணு கேட்டுச்சு அக்கா. வெறும் ஒண்ணு. ஒரு விரலை நீட்டிக் கேட்டுச்சு, எதுத்தாப்புல சொரண்டுனாங்க, மறுக்காக் கேட்டுச்சு. நான் எண்ணிக்கிட்டே வந்தேன், பதினோரு தரம் கேட்டுச்சு. பன்னண்டாவது தரம் அந்த ஒண்ணை மடக்கிக்கிட்டு, மத்ததுக்குக் குலுக்கிப்போட்டுது."

எங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லைங்க அந்த ஒண்ணு யாருன்னு. உங்க தூதரு எங்கண்ணனைக் கேட்டிருக்காரு. பதினோரு தரம் கேட்டிருக்காரு. எந்தப் பெரிய மனுசன் எங்களுக்காகப் பதினோரு தரம் வாய் திறந்திருக்கான் சொல்லுங்க, அதுக்கு நான் காலத்துக்கும் நன்றி சொல்லுவேன். பன்னண்டாவது தரம் ஒரு கரடு கெடைச்சுச்சு, எங்கண்ணனை மடக்கிக்கிட்டாரு. எந்தச் சுதந்திரத்தைக் காப்பாத்தறதாச் சொல்லி வந்தாங்களோ, அதையே குடுத்து எங்க கரட்டை வாங்கிக்கிட்டாங்க.

அடுத்த வாரம் எங்கண்ணனுக்குப் போட்ட கடுதாசி திரும்பி வந்துச்சு, இடம் மாற்றப்பட்டார்னு முத்திரை குத்தி. எந்த இடம்னு எழுதல. ஜெயில்ல கேட்டா மேல கேளுங்கன்னாங்க, மேல கேட்டா இங்க அப்படி ஆளே இல்லன்னாங்க, இன்ஸ்பெக்டரு நாற்காலியை எடுத்து உள்ள வெச்சுக்கிட்டாரு. இன்னையோட இருபத்தேழு நாளாச்சு. கரட்டு மேல கம்பிவேலி போட்டாச்சு, ஆடு ஏற முடியல, உச்சியில வெள்ளை உருண்டை ஒண்ணு வந்திருக்குது, வேலியில பலகை ஒண்ணு தொங்குது, சுதந்திர உலகின் காவல் அரண், அத்துமீறினால் சுடப்படும்னு. ரெண்டையும் ஒரே பலகையில எழுதியிருக்கீங்க, எடம் மிச்சம்.

அதனால நீங்க நோட்டீஸ்ல எழுதியிருக்கறதுல ஒண்ணு மட்டும் இப்ப உண்மைதாங்க. கை எங்களைப் புடிச்சிருக்கல, நாங்கதான் புடிச்சிருக்கோம். பங்குனி ரெண்டாவது செவ்வாயில இருந்து அந்தக் கையில புடியே இல்ல, எங்கம்மாதான் தன் விரலை இறுக்கி அதை விழாமப் புடிச்சிருக்கா. அவ நெனச்சா அந்த நிமிசமே விட்டுட்டு, ரெண்டு கையும் வீசிக்கிட்டு நடக்கலாம், தானே அள்ளிச் சாப்பிடலாம். ஊரே சொல்லுச்சு, விட்டுத் தொலை பாவாத்தான்னு. பதினோரு ஊரு அம்மாக்காரிங்கள்ல பாதிப் பேரு வர்றதை நிறுத்திட்டாங்க, மீதிப் பேரு வந்து கையைத் தொடாம எங்கம்மாவைத் தொட்டுட்டுப் போறாங்க. உங்க நோட்டீசோட ஏட்டு வந்தாரு, முந்தானை வரைக்கும் கையை நீட்டிட்டு, நீட்ட முடியாம, தண்ணி குடுங்கக்கான்னு கேட்டு வாங்கிக் குடிச்சுட்டுப் போயிட்டாரு. நானும் கத்துனேன். எதுக்கும்மா இந்தச் செத்த கையைச் சுமந்துக்கிட்டுத் திரியற, தூக்கி அந்தக் கம்பிவேலி மேல எறியறேன் குடுன்னு கத்துனேன். நான் கத்தி முடிக்கற வரைக்கும் பொறுத்துப் பாத்துட்டு அவ சொன்னா:

"நான் உட்டுப்போட்டா அந்த மனுசன் சொன்னது பொய்யாப் போயிரும் கண்ணு. அவரு கண்ணுல தண்ணி வந்துதுல்ல, நானும் பாத்தேன். திருமூர்த்தி வர்ற வரைக்கும் அவரோட வார்த்தையை நான் புடிச்சு வெச்சிருக்கேன். அவராலதான் முடியல."

எதிரி நாட்டுக்காரன் எழுதிக் குடுத்தான்னு சொன்னீங்களே, எந்த நாட்டுக்காரனுக்காச்சும் இப்படி ஒரு வரி எழுத வருமா?

இன்னொண்ணும் இருக்குது. போன செவ்வா நாச்சிமுத்து மாமன் கடைசியா ஒரு தரம் பாக்கறேன்னு துண்டைப் போட்டுக் கையை விட்டாரு. புடி இல்ல, சூடு மட்டும் கொஞ்சம் இருக்குது, ஆனா ஆள்காட்டி விரலு அசையுதுன்னாரு. ஒண்ணு. கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடியும் ஒண்ணு. முப்பது வருசமாத் துண்டுக்குள்ள கையை விடறேன், முடிஞ்ச யாவாரத்துல கை வெல பேசி நான் பாத்ததில்ல, எதுத்தாப்புல கையே இல்ல, இருந்தும் இது கேட்டுக்கிட்டே இருக்குதுன்னு சொல்லிப்போட்டு, தோள்ல இருந்த துண்டாலேயே கண்ணைத் தொடைச்சுக்கிட்டாரு. அப்புறம் எந்திரிச்சு நின்னாரு. போலீஸ் நெழலுக்குத் தெரு மாறுற எங்க மாமன் சந்தை நடுவுல நின்னு சொன்னாரு, இதுல வில்லங்கம் இருக்குது, துண்டை உருவணும்னு.

அது எங்க சந்தை வழக்கம், உங்களுக்குத் தெரியாது, சொல்றேன். யாவாரத்துல ஏமாத்து நடந்துருச்சுன்னு ஒரு தரகன் சந்தேகப்பட்டா, ரெண்டு தரப்பும் தண்ணித்தொட்டிக்கு முன்னால வந்து, அன்னைக்குப் புடிச்ச மாதிரியே மறுபடியும் கையைப் புடிச்சுக்கிட்டு நிக்கணும், தரகன் துண்டை உருவுவான், வித்தவன் எதை வித்தேன், எதுக்கு வித்தேன்னு சந்தை முழுக்கக் கேக்கற மாதிரி வாயால சொல்லணும். சொல்லிட்டா, வெல அநியாயமா இருந்தாலும் சந்தை ஒத்துக்கும். வராதவன் கையை அதுக்கப்புறம் எங்க ஊருல எவனும் புடிக்கறதில்ல.

அதனால செயலாளர் சார், உங்க ஏழு நாள் கெடு எனக்கு வேண்டாம், நான் ஒரு நாள் சொல்றேன். வர்ற செவ்வா, காலையில பத்து மணி, தண்ணித்தொட்டி. நீங்க வர வேண்டாம், நீங்க நோட்டீஸ் ஒட்டறவரு, அவரை வரச் சொல்லுங்க. வலது கையை மறக்காமக் கொண்டுவரச் சொல்லுங்க. எங்கம்மா இடது கையைக் கழுவிப் பவுடர் போட்டு, கைமடிப்பைத் துவைச்சுத் தேச்சு, இத்துப்போன பொத்தான் நூலை மாத்தித் தெச்சு வெச்சிருக்கா, காய்ப்பை மட்டும் எடுக்க முடியல, அது அவரு சம்பாதிச்சது, அவரே வெச்சுக்கட்டும். பதினோரு ஊரு அம்மாக்காரிங்களும் வர்றாங்க. எங்கண்ணன் நின்ன அதே தொட்டி மேல நான் நிப்பேன், அதே மைக்கைப் புடிச்சிருப்பேன், என்னையும் புடிச்சுக்கிட்டுப் போறதுன்னா அதுக்கப்புறம் போகட்டும். எங்கம்மா உங்க தூதரை ஒரு வார்த்தை திட்ட மாட்டா, நான் கேரண்டி, என் வாய்க்குத்தான் கேரண்டி இல்ல.

அவரு வந்து எங்கம்மா கையைப் புடிக்கட்டும், மாமன் துண்டை உருவட்டும், அவரு அழுதாலும் பரவாயில்ல, அழுதுக்கிட்டே சொல்லட்டும், மொழிபெயர்க்க ஆள் வேண்டாம், எனக்கு அவரு பாசை தெரியும், நான் மைக்குல சொல்றேன். சுதந்திரம் சுதந்திரம்னு சொல்லிக்கிட்டு உங்க நாடு எங்க ஊருக்கு வந்துச்சே, அந்தப் பன்னண்டாவது தரம், அந்த ஒண்ணை எதுக்கு மடக்குனீங்க, இப்ப எங்கண்ணன் எங்க? எல்லாருக்கும் கேக்கற மாதிரிச் சொல்லுங்க.